காலுக்குப் போடும் முதல்

எனக்குச் சப்பாத்துப் பைத்தியம் என்று வீட்டில் சொல்வார்கள். மறுப்பதற்கில்லை. கடைக்குள் ஒருவர் நுழைந்தால் என் பார்வை முதலில் போவது அவரது காலுக்குத்தான். பெருநாளைக்குப் போட்டுவிட்டுப் பெட்டிக்குள் வைக்கும் பளபளப்புச் சப்பாத்துகளில் எனக்கு ஆசை கிடையாது. காலையில் போட்டால் இரவு கடை பூட்டும் வரை காலில் இருப்பதே தெரியக்கூடாது. அப்படியான சாதாரணச் சப்பாத்தைக் கண்டால் விலை கேட்காமல் என்னால் நகர முடியாது.

இந்தப் பைத்தியம் எனக்கு நாற்பத்தைந்து வயதில் பிடித்தது. புறக்கோட்டையில் புடவைக் கடை. தரை மாபிள். ஒரு நாளைக்குப் பதினொரு மணித்தியாலம் நிற்கவேண்டும். ஒரு நாள் சுபஹுக்கு எழும்பிக் காலைத் தரையில் வைத்தபோது குதிகாலில் ஆணி ஏறியது போலிருந்தது. நாலைந்து அடி நடந்தால் குறையும். மறுநாள் அதே வலி. டொக்டரிடம் போனால் அவர் என் காலைப் பார்க்கவில்லை, கழற்றி வைத்த சப்பாத்தை எடுத்தார். அதை நடுவில் இரண்டாக மடித்தார். பிறகு ஈரத் துணியைப் பிழிவது போல முறுக்கினார். அது முறுகியது. "ஹாஜியார், முதலில் இதைக் குப்பையில் போடுங்கள், மருந்தைப் பிறகு பேசுவோம்" என்றார்.

அன்றைக்குத்தான் சப்பாத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். நல்ல சப்பாத்து விரல்கள் தொடங்கும் இடத்தில் மட்டுமே மடியும். நடுவில் மடிந்தால் அது உள்ளங்காலைத் தாங்காது. குதிகாலைப் பிடிக்கும் பின்பக்கம் விரலால் அழுத்தினால் உள்ளே போகக்கூடாது. உள்ளே விரித்திருப்பது தோலா, வெறும் அட்டையா என்று பாருங்கள். சோல் தைத்திருக்கிறதா, ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். தைத்த சோல் தேய்ந்தால் மாற்றலாம். வாங்கப் போவதானால் அஸருக்குப் பிறகு போங்கள். நின்று வேலை செய்பவனின் கால் மாலையில் வீங்கியிருக்கும். காலையில் அளந்து வாங்கியது மாலையில் கடிக்கும். இரண்டு காலும் ஒரே அளவு என்று நினைக்கவும் வேண்டாம். பெரிய காலுக்குத்தான் வாங்கவேண்டும்.

நம்மவர்கள் சப்பாத்தைக் கெடுப்பதற்கென்றே ஒரு வழி வைத்திருக்கிறோம். லுஹர், அஸர், மஃரிப் என்று கடை நேரத்தில் மூன்று தடவையாவது கழற்றிப் போடுகிறோம். இகாமத் சொல்லும் அவசரத்தில் கட்டை அவிழ்க்காமலே காலை இழுப்பது, திரும்பி வந்து பின்பக்கத்தை மிதித்துக்கொண்டே கடைக்கு ஓடுவது. மூன்று மாதத்தில் அது செருப்பாகிவிடும். வுழூச் செய்த ஈரக் காலை அப்படியே உள்ளே விட்டால் உள்தோல் அழுகும், நாற்றமும் வரும். நான் சட்டைப் பையில் ஒரு சிறு துவாய் வைத்திருக்கிறேன். கட்டில்லாத சப்பாத்தும், காலை நுழைக்க உதவும் அந்தச் சிறு கரண்டியும் நமக்குப் பொருத்தம். கொழும்பின் வேர்வைக்கு ஒரே சோடியைத் தினமும் போடவும் கூடாது. இரண்டு சோடியை மாறி மாறிப் போட்டால் ஒன்று காய்ந்துகொண்டிருக்கும். (நல்ல சப்பாத்தைப் பள்ளிவாசல் வாசலில் விட்டுவிட்டுத் தொழும்போது மனம் எங்கே இருக்கிறது என்று என்னிடம் கேட்கவேண்டாம்.)

லண்டனிலிருந்து வந்த மச்சான் ஒரு தடவை எனக்கு ஒரு சோடி கொண்டுவந்தார். கணுக்கால் வரை வரும் மெல்லிய தோல், தேன் நிறத்தில் தடித்த இறப்பர் சோல். இங்கிலாந்தின் சமர்செற்றில் 1825இல் தொடங்கிய கிளார்க்ஸ் கம்பனியின் தயாரிப்பு. அந்தக் குடும்பத்தின் நேதன் கிளார்க் இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் இருந்தபோது, கெய்ரோ பஸாரில் செய்த இத்தகைய சப்பாத்துகளை அதிகாரிகள் போட்டிருப்பதைக் கண்டார். அதைப் பார்த்து உருவாக்கி 1950இல் சந்தைக்கு விட்டார்கள். பஸாரில் இருந்த பெயர் தெரியாத தொழிலாளியின் கைவேலையிலிருந்து ஒரு பெரிய கம்பனியின் பெயர்பெற்ற சரக்கு பிறந்திருக்கிறது. வியாபாரிக்கு இது ரசிக்கவேண்டிய கதை.

எனக்கு அதைவிடப் பெரிய ஆச்சரியம் அந்தச் சோல்தான். அது கிரேப் இறப்பர். 1876இல் ஹெனரத்கொட தோட்டத்தில் நட்ட கன்றுகளோடு இந்நாட்டுக்கு வந்த மரத்தின் பால். களுத்துறை, இரத்தினபுரி, கேகாலைப் பக்கத்தில் பாலை உறையவைத்து, உருளையில் மெல்லிய தகடாக இழுத்து, புகை காட்டாமல் உலர்த்தி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கித் தடிப்பாக்குகிறார்கள். சோல் கிரேப் என்று பெயர். இந்தச் சரக்குக்கு இலங்கை நெடுங்காலமாகப் பெயர்போன நாடு. அதை வெளியே அனுப்பிவிட்டு, நாம் இரண்டு மழைக்கு வாய் பிளக்கும் சப்பாத்தை இறக்குமதி செய்து போடுகிறோம். ஒன்றையும் சொல்லவேண்டும்: கிரேப் சோல் எல்லோருக்கும் சரிவராது. எண்ணெய் பட்டால் கெடும், அழுக்கை இழுக்கும், ஈரத் தரையில் வழுக்கும். தேங்காய் எண்ணெய் மொத்த வியாபாரம் செய்பவர்கள் அந்தப் பக்கம் போகவேண்டாம்.

விலை என்பீர்கள். என் கணக்கைச் சொல்கிறேன். 4,500 ரூபாச் சப்பாத்து எனக்கு ஏழு மாதம் வந்தது. மாதம் 640 ரூபாவுக்குச் சற்று மேல். 15,000 ரூபாத் தோல் சப்பாத்துக்கு ஒரு தடவை 2,500 ரூபாவுக்குச் சோல் மாற்றினேன், நான்கு வருடம் போட்டேன். மாதம் 365 ரூபா. மலிவானதற்குத்தான் நான் கூடுதலாகச் செலவழித்திருக்கிறேன்.

சப்பாத்து விற்கும் சகோதரர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. பொலியூரித்தேன் சோல் போட்ட பழைய லொட் மலிவாகக் கிடைத்தால் யோசித்து வாங்குங்கள். நமது ஈரக் காற்றில் சில வருடம் பெட்டிக்குள் கிடந்தாலே அந்தச் சோல் உள்ளுக்குள் சிதைந்துவிடும். வெளியே புதுச் சரக்கு, போட்டு நடந்தால் ரொட்டித் தூள் போல உதிரும். தெரிந்துகொண்டு அதைச் சொல்லாமல் விற்பது ஹலாலான வியாபாரமா என்று உலமாக்களிடம் கேட்கத் தேவையில்லை.

இவ்வளவும் படித்த நான் ஒன்றைக் கவனிக்கவில்லை. என் கடையில் இருபது வருடத்துக்கு மேலாக நிற்கும் ஒரு சேல்ஸ்மன். சீனி வியாதி. எப்போதும் தேய்ந்த பாட்டாச் செருப்புத்தான். ஒரு நாள் அவர் நடக்கும்போது மாபிளில் இரத்தக் கறை. பார்சல் பெட்டியின் ஆணி ஒன்று செருப்பைத் துளைத்து ஏறியிருக்கிறது, அவருக்குத் தெரியவில்லை. சீனி வியாதி முற்றியவர்களுக்குக் காலில் உணர்வு குறைந்துவிடும். "நோவில்லை முதலாளி" என்று சிரித்தார். மூன்று வாரத்தில் ஆஸ்பத்திரியில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். வருகிற போகிற வாடிக்கையாளரின் காலையெல்லாம் பார்த்தவன், பக்கத்தில் நிற்பவரின் காலைப் பார்க்கவில்லை.

அவர் திரும்பி வந்த வாரம், கடை பூட்டிய பிறகு எல்லோரையும் பார்சல் கடதாசியில் ஏற்றி நிறுத்தி, பென்சிலால் காலைச் சுற்றி வரைந்து எடுத்தேன். ஒன்பது பேர். ஒருவர் நாற்பத்திரண்டு அளவுக் காலுக்கு நாற்பத்தொன்று போட்டுக்கொண்டிருந்தார், அதுவும் நான்கு வருடமாக. விரல் எடுத்தவருக்கு விரல் பக்கம் அகன்ற, உள்ளே தையல் உரசாத சோடியாகத் தேடவேண்டியிருந்தது. ஒன்பது சோடிக்கும் ஆன செலவைக் கணக்குப் பிள்ளை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று கேட்டார். கடைத் திருத்தவேலை என்று எழுதச் சொன்னேன். இந்த வருடமும் அந்தத் தலைப்பில் ஒரு தொகை இருக்கிறது.