எஞ்சின் தலைக்கு ஏற்ற காற்றளவி மேடை

எஞ்சின் பெட்ரோலால் ஓடுவது என்றே பெரும்பாலோர் எண்ணுவர். அது காற்றால் ஓடுவது என்று கூறினும் பிழையாகாது. எடையளவில் ஒரு பங்கு பெட்ரோல் முற்றும் எரிவதற்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். பெட்ரோலைக் கூட்டுவது எளிது. காற்றைக் கூட்டுவதே அரிது. அக்காற்று புகும் வாயில், வால்வுகள் பொருத்தப்பெற்ற சிலிண்டர்த் தலையாகும்.

நம் இளைஞர் பலர் மோட்டார்ப் பட்டறைகளில் தொழில் பயில்கின்றனர். அவருள் சிலர் சிலிண்டர்த் தலையின் காற்றுவழியைத் தேய்த்துச் செப்பனிடும் நுண்தொழிலில் இறங்குகின்றனர். அத்தொழிலுக்கு உதவும் கருவியே 'புளோ பெஞ்ச்' எனப்படும் காற்றளவி மேடை. பல மாதச் சேமிப்பை விழுங்கும் கருவி இது. இதனை ஆராயாது வாங்கினால் பணம் போவதோடு, அது காட்டும் தவறான எண்ணை நம்பிக் கூலி கொடுக்கும் வாடிக்கையாளரும் ஏமாற்றப்படுவர். ஆதலின் இதனைத் தேர்ந்தெடுக்கும் முறையை ஆசிரியரும் அறிந்திருத்தல் நன்று. அறிவுரை நாடி வரும் பழைய மாணவருக்கு அது பயன்படும்.

மேடை செய்வது யாது?

மேடையின் மேலே சிலிண்டர்த் தலையைப் பொருத்துவர். கீழே பெட்டிக்குள் இருக்கும் விசிறி மோட்டார்கள் காற்றை உறிஞ்சும். வால்வைச் சிறிது சிறிதாகத் திறந்து, ஒவ்வொரு திறப்பிலும் நிமிடத்திற்கு எத்தனை கன அடி காற்று செல்கிறது என்று குறிப்பர். இங்கிலாந்தைச் சேர்ந்த ஹாரி வெஸ்லேக் என்னும் பொறியறிஞர் இத்துறையில் முன்னோடியருள் ஒருவர். 1948-இல் வெளிவந்த ஜாகுவார் எக்ஸ்.கே. எஞ்சினின் தலையமைப்பில் அவருக்குப் பங்குண்டு.

எண்ணும் அழுத்தமும்

வளைந்த கண்ணாடிக் குழாயில் நிற நீரை ஊற்றி, ஒரு முனையை உறிஞ்சினால் நீர்மட்டம் வேறுபடுவதை வகுப்பில் காட்டியிருப்போம். மேடையின் சோதனை அழுத்தமும் இவ்வாறே நீர்மட்ட வேறுபாட்டால் கூறப்படுகிறது. சிறு மேடைகள் பலவற்றில் அது 10 அங்குலம்; பெரியவற்றில் வழக்கமாக 28 அங்குலம்.

இங்கேதான் விழிப்பு வேண்டும். காற்றின் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தை ஒட்டிக் கூடும். 28-ஐ 10-ஆல் வகுத்து வர்க்கமூலம் கண்டால் 1.67 வரும். ஆகவே 10 அங்குலத்தில் 100 கன அடி காட்டிய அதே தலை, 28 அங்குலத்தில் 167 காட்டும். தலை மாறவில்லை, எண் மட்டுமே மாறியது. அழுத்தத்தைக் கூறாது எண்ணை மட்டும் கூறுவது, படியைக் கூறாது அரிசியின் விலையைக் கூறுவது போன்றது.

எவ்வளவு பெரிய மேடை வேண்டும்?

விற்பவர் கூறுவதைக் கேட்குமுன் நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். 28 அங்குல அழுத்த வேறுபாட்டில் காற்று நொடிக்கு ஏறத்தாழ 108 மீட்டர் விரைவு பெறும். வால்வின் வட்டப் பரப்பை அவ்விரைவால் பெருக்கினால் உச்ச அளவு கிடைக்கும். உண்மையில் நல்ல தலையில் அதில் நூற்றுக்கு 60 அளவே செல்லும் என்று கொள்ளலாம். 28 மில்லிமீட்டர் வால்வுடைய மோட்டார் சைக்கிள் தலைக்கு இது நிமிடத்திற்கு ஏறத்தாழ 84 கன அடியாகிறது. 32 மில்லிமீட்டர் உள்வால்வுகள் இரண்டு கொண்ட கார்த் தலைக்கு ஏறத்தாழ 220 கன அடி வேண்டும். மோட்டார் சைக்கிள் மட்டுமே செப்பனிடுபவர் பெருஞ்செலவில் பெரிய மேடை வாங்க வேண்டியதில்லை.

மின்சாரத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நம் வீட்டு 13 ஆம்பியர் மின்செருகி ஏறத்தாழ 3,000 வாட் வரையே தாங்கும். அதற்கு மேற்பட்ட மேடைக்குத் தனி மின்கம்பி இழுக்கும் செலவும் சேரும்.

இருவகை அளவிகள்

துளைத் தகட்டின் வழியே காற்றைச் செலுத்தி, அதன் இருபுறத்து அழுத்த வேறுபாட்டைக் கொண்டு கணக்கிடுவது ஒரு வகை. 1732-இல் பிரெஞ்சு அறிஞர் பிட்டோ கண்ட குழாயின் வழியில் காற்றின் விரைவை அறிந்து கணக்கிடுவது மற்றொரு வகை. முன்னது பருமனானது, ஆயினும் நிலையானது. பின்னது மலிவானது, ஆயினும் குழாயினுள் காற்று சீராக ஓடவில்லையெனில் பிழை காட்டும். இன்று கணிப்பொறி இணைப்போடு வருவனவும் உள. ஒளிரும் திரையில் மூன்று தசமத் தானங்கள் தெரிவதாலேயே அளவு திருத்தமாகிவிடாது.

வாங்குமுன் செய்யும் சோதனைகள்

முதலாவது, கசிவுச் சோதனை. மேல்வாயை முற்றும் அடைத்து மேடையை இயக்குக. அப்போதும் காற்று செல்வதாகக் காட்டினால் அது கசிவே.

இரண்டாவது, அளவு தெரிந்த துளைத் தகடு. கூரிய விளிம்புள்ள அத்தகட்டை வைத்தால் குறித்த எண்ணே வருதல் வேண்டும். தகடு தராத விற்பனையாளரிடம் வாங்காதிருப்பதே நலம்.

மூன்றாவது, மீள்சோதனை. ஒரே தலையை மூன்று முறை கழற்றிப் பொருத்தி அளக்க வேண்டும். 84, 85, 84 என வந்தால் நம்பலாம். 80, 87, 83 என வந்தால், தேய்த்தபின் 4 கன அடி கூடிற்று என்று அம்மேடையைக் கொண்டு எவரும் கூற இயலாது. எண் பெரிதாயிருப்பதினும் எண் மாறாதிருப்பதே சிறப்பு.

துணைப் பொருள்களும் கவனிக்கத்தக்கன. தலைக்கும் மேடைக்கும் இடையே வைக்கும் உருளை, அந்த எஞ்சினின் சிலிண்டர் விட்டத்தையே கொண்டிருத்தல் வேண்டும். சுவர் வால்வுக்கு அருகில் நின்று காற்றை மறிப்பது உண்டு. வால்வின் திறப்பை அளக்க டயல் கேஜ் வேண்டும். திறப்பு விட்டத்தில் நான்கில் ஒரு பங்கை எட்டும்போது, அதாவது 28 மில்லிமீட்டர் வால்வு 7 மில்லிமீட்டர் திறக்கும்போது, வால்வைச் சுற்றிய இடைவெளிப் பரப்பும் வால்வின் வட்டப் பரப்பும் சமமாகும். எனவே அதற்குக் கீழ்ப்பட்ட திறப்புகளிலும் தவறாது அளத்தல் வேண்டும். காற்று நுழையும் முனையில் களிமண்ணால் வளைந்த விளிம்பு அமைக்காவிடில் எண் குறைந்து தோன்றும்.

மேடை சொல்லாதவை

மேடையில் காற்று சீராக ஓடுகிறது. எஞ்சினிலோ, நிமிடத்திற்கு 6,000 சுற்று ஓடும்போது, நான்கு வீச்சு எஞ்சினின் உள்வால்வு நொடிக்கு 50 முறை திறந்து மூடுகிறது. மேலும், காற்றுவழியை மிக அகலமாக்கினால் மேடையில் எண் உயரும். ஆனால் காற்றின் விரைவு குன்றி, குறைந்த சுற்றில் வண்டியின் இழுவை தளரும். ஆதலின் பெரிய எண்ணே நல்ல எஞ்சின் என்பது பிழைபட்ட முடிவாகும். முன்னும் பின்னும் ஒரே மேடையில், ஒரே அழுத்தத்தில், ஒரே முறையில் அளந்து ஒப்பிடுவதற்கே இக்கருவி பயன்படும்.

மேடை வாங்கும் இளைஞர் அதனோடு ஒரு குறிப்பேடும் வாங்குவாராக. நாள், அழுத்தம், திறப்பு, கசிவு, தகட்டின் எண் ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் அதில் எழுதி, வாடிக்கையாளர் கேட்டால் விரித்துக் காட்டுதல் வேண்டும். சிறிய மேடையாயினும், அவ்வேடு உடையவரின் சொல்லைப் பட்டறை உலகம் நம்பும்.