பையை உதறும் காற்று

சிமென்ட் ஆலைக்குள் நின்றால் 'டப்... டப்...' என்று விட்டுவிட்டு ஒரு சத்தம் கேட்கும். தூசி வடிகட்டும் துணிப்பைகளை அழுத்தக் காற்று உதறும் சத்தம் அது. கம்பிக் கூண்டின்மேல் உறைபோல் மாட்டிய நீளப் பைகள் அவை. தூசி வெளிப்புறம் படியும். மேலிருந்து ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் காற்று பாய்ந்தால் போதும், பை விம்மி அதிரும். தூசி பாளம் பாளமாகக் கீழ்த்தொட்டியில் விழும். ஆலையை நிறுத்த வேண்டியதில்லை.

ஆனால் அடிக்கடி ஊதுவது தவறு. துணிமேல் தங்கும் மெல்லிய தூசிப் படலம்தான் நுண்தூசியைப் பிடிக்கிறது. அதையும் உதறிவிட்டால் தூசி வெளியே தப்பும், பையும் சீக்கிரம் நைந்துபோகும். ஆலைத் தோழர்களே, அழுத்த மானியைப் பார்த்து, தேவைப்படும்போது மட்டும் ஊதுங்கள்.