புற ஊதா விளக்கில் தெரிந்த எண்

சென்னை பாரிமுனையில் தம்புச் செட்டித் தெரு. காளிகாம்பாள் கோயிலுக்குப் போகிறவர்கள், மொத்தக் கடைகளுக்குச் சரக்கெடுக்க வருகிறவர்கள், தள்ளுவண்டிகள் என்று எந்நேரமும் நெரிசல். அந்தத் தெருவிலுள்ள பாரத ஸ்டேட் வங்கிக் கிளையில் சில வருடங்களுக்கு முன்புவரை ஒரு விசேஷச் சரக்கு விற்றார்கள். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களில் பத்துப் பத்து நாள் மட்டும் விற்பனை. நாடு முழுக்கவே 29 கிளைகளில்தான் கிடைக்கும். தேர்தல் பத்திரம்!

அரசியல் நன்கொடை என்றால் நமக்கெல்லாம் பெட்டி கைமாறும் காட்சிதான் மனதில் ஓடும். இங்கே பெட்டியே கிடையாது. ஒரு தாள்தான். ஆயிரம், பத்தாயிரம், ஒரு லட்சம், பத்து லட்சம், ஒரு கோடி என்று ஐந்து மதிப்புகளில் வந்தது. வாங்குகிறவர் அடையாள ஆவணங்களை வங்கியில் கொடுக்க வேண்டும். ஆனால் தாளில் அவர் பெயர் இருக்காது, எந்தக் கட்சிக்கு என்பதும் இருக்காது. 15 நாளுக்குள் கட்சி அதைத் தன் கணக்கில் போட்டுக்கொள்ள வேண்டும். தவறினால் பணம் பிரதமர் தேசிய நிவாரண நிதிக்குப் போய்விடும்.

2017 பட்ஜெட்டில் அன்றைய நிதி அமைச்சர் அருண் ஜெட்லி அறிவித்த திட்டம் இது. அதுவரை ஒரு கம்பெனி தன் மூன்றாண்டு சராசரி லாபத்தில் 7.5 சதவீதம்தான் கட்சிகளுக்குக் கொடுக்கலாம். அந்த வரம்பையும் அப்போதே எடுத்துவிட்டார்கள். நஷ்டத்தில் ஓடும் கம்பெனியும் கோடிகளை அள்ளிக் கொடுக்கலாம்! ரிசர்வ் வங்கி ஆட்சேபித்தது, தேர்தல் ஆணையமும் கடிதம் எழுதியது. திட்டம் நிற்கவில்லை.

இப்போது அந்தத் தாளைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

2018 ஏப்ரலில் பூனம் அகர்வால் என்ற பத்திரிகையாளர் ஆயிரம் ரூபாய்ப் பத்திரங்கள் இரண்டை வாங்கினார். இரண்டாயிரம் ரூபாய், அவ்வளவுதான் செலவு. வெறும் கண்ணுக்கு அதில் ஒன்றுமில்லை. தடயவியல் ஆய்வகத்துக்கு அனுப்பினார். புற ஊதா விளக்கின் கீழே வைத்தார்கள். வலப்பக்க மேல் மூலையில், எழுத்தும் இலக்கமும் சேர்ந்த ஒரு எண் பளிச்சென்று ஒளிர்ந்தது! இரண்டு தாளிலும் இரண்டு வேறு எண்கள். அந்தப் படத்தை முதலில் பார்த்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. யார் கொடுத்தார் என்று யாருக்கும் தெரியாது என்று சொல்லி விற்ற தாளில், கண்ணுக்குத் தெரியாத மையில் ஒரு சாவி.

நிதி அமைச்சகம் உடனே விளக்கம் தந்தது. அது போலிப் பத்திரத்தைத் தடுக்க வைத்த பாதுகாப்பு அடையாளம், வங்கி அதை எந்தப் பதிவேட்டிலும் குறித்துக்கொள்வதில்லை என்றது. அந்த விளக்கத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆறு வருடம் கழித்துத் தேவைப்படும்.

2024 பிப்ரவரி 15. உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, ஒருமனதாக, திட்டமே செல்லாது என்று தீர்ப்பளித்தது. கட்சிகளுக்கு யார் பணம் தருகிறார்கள் என்று அறிவது வாக்காளரின் உரிமை என்றார்கள். ஏ.டி.ஆர்., காமன் காஸ் ஆகிய தன்னார்வ அமைப்புகள், மார்க்சிஸ்ட் கட்சி என்று வழக்குப் போட்டவர்கள் வருடக்கணக்கில் காத்திருந்த நாள் அது. விவரத்தைக் கொடு என்று வங்கிக்கு உத்தரவு. வங்கியோ ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது! வாங்கியவர் விவரம் ஒரு சீலிட்ட உறையில், போட்டுக்கொண்ட கட்சி விவரம் இன்னொரு சீலிட்ட உறையில், எல்லாம் மும்பை தலைமைக் கிளையில் தனித்தனியாகக் கிடக்கின்றன, 44,434 தகவல் தொகுதிகளைப் பொருத்திப் பார்க்க வேண்டும் என்றது. ஜூன் 30-க்குள் மக்களவைத் தேர்தல் முடிந்து புது ஆட்சியே வந்திருக்கும். நீதிமன்றம் மார்ச் 11 அன்று மறுத்தது. மறுநாளே விவரம் தேர்தல் ஆணையத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

மார்ச் 14 இரவு என்னால் தூங்க முடியவில்லை. ஆணையம் இரண்டு பட்டியல்களை வெளியிட்டது, மொத்தம் 763 பக்கம். வாங்கியவர்கள் ஒன்றில், கட்சிகள் இன்னொன்றில். ஸ்க்ரால் பண்ணப் பண்ணப் பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. ஆறு மணிக்குப் போட்ட டீ மேஜையில் ஆடை கட்டிக் கிடந்தது. முதலிடத்தில் நம்ம கோவையிலிருந்து இயங்கும் லாட்டரி நிறுவனம் ஃப்யூச்சர் கேமிங், 1,368 கோடி ரூபாய்! தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்தே இருபது வருடமாகிவிட்டது. கட்சிகள் பக்கம் பார்த்தால் பாஜகவுக்கு 6,000 கோடிக்கு மேல். ஆனால் யார் யாருக்குக் கொடுத்தார் என்று அன்று சொல்ல முடியவில்லை. இரண்டு பட்டியலுக்கும் நடுவில் பாலம் இல்லை.

மூன்று நாள் கழித்து இன்னொரு கதவு திறந்தது. கட்சிகள் முன்பே சீலிட்ட உறையில் கொடுத்திருந்த கடிதங்கள் வெளிவந்தன. திமுக, கொடுத்தவர்களிடமே விவரம் கேட்டு வாங்கி எழுதியிருந்தது. ஃப்யூச்சர் கேமிங்கிடமிருந்து மட்டும் 509 கோடி. அதிமுகவுக்கு வந்தது 6.05 கோடி. அதில் பெரும்பகுதி கொடுத்தது சென்னை சூப்பர் கிங்ஸ் கிரிக்கெட் நிறுவனம். சமாஜ்வாதி கட்சிக்குப் பத்து கோடி தபாலில் வந்ததாம், அனுப்பியவர் பெயர் இல்லாமல். பாட்னாவிலோ, 2019 ஏப்ரல் 3 அன்று யாரோ ஒருவர் ஐக்கிய ஜனதா தள அலுவலகத்துக்கு வந்து ஒரு உறையை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பிரித்தால் ஒரு கோடிப் பத்திரங்கள் பத்து! வந்தவர் யார் என்று தெரியாது என்று கட்சியே ஆணையத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறது. அந்தக் கடிதத்தை நான் மூன்று தடவை படித்தேன்.

மார்ச் 21 அன்று பாலமும் வந்தது. எந்தப் பதிவேட்டிலும் குறிப்பதில்லை என்று 2018-ல் சொல்லப்பட்ட அதே எண், இரண்டு பட்டியலிலும் வரிசை வரிசையாக அச்சாகி வந்தது. பத்திரிகையாளர்களும் கணினி தெரிந்த இளைஞர்களும் அன்று மாலையே பொருத்திவிட்டார்கள். ஜூன் 30 வரை ஆகும் என்ற வேலை!

அப்போதுதான் தேதிகள் பேச ஆரம்பித்தன. ஹைதராபாத் மருந்து நிறுவனம் ஒன்றின் இயக்குநர் 2022 நவம்பர் 10 அன்று டெல்லி மதுபானக் கொள்கை வழக்கில் அமலாக்கத் துறையால் கைதாகிறார். ஐந்தாம் நாள் அந்த நிறுவனம் ஐந்து கோடிக்குப் பத்திரம் வாங்குகிறது. அது போய்ச் சேர்ந்த கணக்கு பாஜகவினுடையது. இரண்டுக்கும் முடிச்சு உண்டென்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. சிறப்புப் புலனாய்வு கேட்டுப் போனவர்களின் மனுவையும் 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனாலும் இந்தத் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் உரிமை நமக்கு வேண்டாமா? ரெய்டு என்றைக்கு, டெண்டர் என்றைக்கு, பத்திரம் என்றைக்கு என்று கொடுத்தவருக்குத் தெரியும். வாங்கிய கட்சிக்கும் தெரிந்திருக்க வழி உண்டு. ஓட்டுப் போட்டவருக்கு மட்டும் ஆறு வருடம் தெரியவில்லை. எனக்கு வயிறு எரிந்தது அதற்குத்தான்.

பொருத்திப் பார்க்கத் தெரிந்ததும் நான் முதலில் தேடியது அந்தப் பாட்னா உறையைத்தான். பத்துப் பத்திரங்கள், பத்து எண்கள், ஒரு பெயர் கிடைத்தாக வேண்டுமே! கட்சி அவற்றைத் தன் கணக்கில் போட்டது 2019 ஏப்ரல் 10. வங்கி வெளியிட்ட விவரமோ ஏப்ரல் 12-லிருந்துதான் தொடங்குகிறது. கட்சிகள் கணக்குக் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்ட நாள் அது. அதற்கு முந்தைய பத்திரங்களின் விவரத்தையும் தரச் சொல்லுங்கள் என்று ஒரு அமைப்பு கேட்டபோது நீதிமன்றம் மறுத்துவிட்டது.

இரண்டே நாள்! அந்தப் பத்துத் தாள்களின் மூலையிலும் எண் இருந்திருக்கும். உறையை வைத்துவிட்டு வாசலைத் தாண்டிப் போனவர் யாரென்று இன்னும் வெளியே வரவில்லை.