டிராக்டரை வகுப்புக்குள் கொண்டு வருவோம்: படிநிலை 1-க்கு ஒரு கருப்பொருள்



ஜார்ஜ் டவுன் அடுக்குமாடி வீட்டில் வளரும் ஏழு வயதுப் பிள்ளை டிராக்டரைப் பெரும்பாலும் படத்தில்தான் பார்த்திருக்கும். அதே பிள்ளையின் தாத்தா பாட்டி செபராங் பிறைத் தோட்டம் ஒன்றில் வளர்ந்தவர்களாக இருந்தால், அவங்களுக்கு டிராக்டர் அன்றாடப் பழக்கம். பால் ஏற்றியது அதுதான், செம்பனைக் குலை ஏற்றியது அதுதான். சில தோட்டங்களில் திருவிழாவன்று சாமியை ஊர்வலமாக இழுத்துப் போனதும் அதுதான். செபராங் பிறையில் பல தமிழ்ப்பள்ளிகளின் பெயரில் இன்னும் 'தோட்டம்' இருக்கு. ஆனால் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதியாகவும் தொழிற்பேட்டையாகவும் மாறிவிட்டன. பாடநூலில் 'உழவு' என்ற சொல் வரும்போது நம்ம பிள்ளைங்க கண்முன்னே எந்தக் காட்சியும் வராததற்கு இது ஒரு காரணம். அந்தக் காட்சியைக் கொடுக்க டிராக்டர் நல்ல வழி.

முதலில் ஓர் எச்சரிக்கை. கூட்டல் கணக்குத் தாளின் மூலையில் டிராக்டர் படம் ஒட்டிவிட்டால் அது ஒருங்கிணைப்பு ஆகிவிடாது. கணக்கு டிராக்டர் இல்லாமலும் நடக்கும் என்றால், அந்தப் படம் வெறும் அலங்காரம். ராபின் ஃபோகார்ட்டி 1991-இல் பாடங்களை ஒருங்கிணைக்கப் பத்து மாதிரிகளைத் தொகுத்துக் கொடுத்தார். தேர்வில் இதைக் கேட்டால், ஒரே கருப்பொருளைப் பல பாடங்களில் பயன்படுத்துவது 'வலை' மாதிரி என்றும், ஒரே சிந்தனைத் திறனைப் பல பாடங்கள் வழியாகக் கோத்துச் செல்வது 'இழை' மாதிரி என்றும் பிரித்து எழுதுங்க. என் அனுபவத்தில் வலை மட்டும் போதாது. டிராக்டர் வலையாக இருக்கட்டும். 'முன்கூட்டிச் சொல், பிறகு செஞ்சு பார்' என்ற திறன் அதனுள்ளே ஓடும் இழையாக இருக்கட்டும்.

கணிதத்திலிருந்து தொடங்கலாம். டிராக்டரைப் பார்த்ததும் பிள்ளைங்க கேட்கும் கேள்வி, "டீச்சர், பின் சக்கரம் ஏன் இவ்வளவு பெருசு?" பதிலை உடனே சொல்லிடாதீங்க. 10 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு வட்ட மூடியும் 20 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு மூடியும் எடுங்க. இரண்டின் விளிம்பிலும் ஒரு புள்ளி வைங்க. தரையில் சுண்ணக்கட்டியால் மூன்று மீட்டருக்குச் சற்று அதிகமான கோடு போடுங்க. "எது அதிகம் சுற்றும்?" என்று கேட்டு, கை உயர்த்தச் சொல்லி எண்ணிக்கையைப் பலகையில் எழுதுங்க. பெரிய மூடிதான் என்று பலர் அடிச்சுச் சொல்வாங்க. பிறகு உருட்டட்டும். சின்னது ஏறக்குறைய 10 முறை சுற்றும், பெரியது 5 முறை. இரட்டிப்பு, பாதி என்ற கருத்து அங்கேயே விளங்கிடும். படிநிலை 2 ஆசிரியர்கள் இதையே பரப்பளவுக்கு நீட்டலாம். பினாங்கு, கெடா நெல் விவசாயிகள் நிலத்தை ரெலோங் கணக்கில் சொல்வாங்க. ஒரு ரெலோங் ஏறக்குறைய 0.288 ஹெக்டர். தசமப் பெருக்கலுக்கு இதைவிட உள்ளூர்க் கணக்கு கிடைக்காது.

அறிவியலுக்கு ஒரு தட்டில் ஈரக் களிமண் போதும். ஒரே எடையுள்ள அரிசிப் பொட்டலத்தை முதலில் குறுகிய மரத்துண்டின் மேலும், பிறகு அகலமான பலகையின் மேலும் வைங்க. எது ஆழமாகப் புதையுதுன்னு அளந்து பார்க்கட்டும். எடை பரந்த இடத்தில் பரவினால் மண் தாங்கும். வாத்தின் கால் சேற்றில் எளிதில் புதையாததும் இதனால்தான். நெல் வயலில் இறங்கும் டிராக்டருக்கு இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டுவதும் சேற்றில் புதையாமல் பிடிப்போடு போகத்தான். சாதாரண டிராக்டரில் எஞ்சினின் விசை பின் சக்கரத்துக்குப் போகிறது; முன் சக்கரத்தின் முக்கிய வேலை திருப்புவது. பிள்ளைங்க கேட்ட 'ஏன் பெருசு' என்ற கேள்விக்கு இப்போது அவங்களே பாதிப் பதிலைச் சொல்லிடுவாங்க.

தமிழ்மொழிப் பாடத்துக்கு டிராக்டர் ஒரு புதையல் என்றே சொல்வேன். உழு, உழவு, உழவர், இழு, இழுவை, கொழு, மேழி: எல்லாமே ழகரம்! கொழு மண்ணைக் கிழிக்கும் இரும்பு, மேழி கலப்பையின் கைப்பிடி. 'உழவு' என்பதை 'உளவு' என்று சொன்னால் விவசாயி ஒற்றர் ஆகிவிடுவார். இதைச் சொல்லிப் பாருங்க, வகுப்பு சிரிக்கும், நாக்கும் திருந்தும். 'டிராக்டர்' என்ற சொல்லின் வேரான இலத்தீன் வினைக்கும் 'இழு' என்றே பொருள். தமிழில் 'இழுவை' என்றும் 'உழவு இயந்திரம்' என்றும் சொல்கிறோம். ஒன்று அதன் செயலைச் சொல்கிறது, மற்றது அதன் பயனைச் சொல்கிறது. எது பொருத்தம், ஏன் என்று விவாதிக்க விடுங்க. உயர்நிலைச் சிந்தனைக் கேள்வி இதுதான்.

தேர்வு மாணவர்களுக்கும் இதே படம் உதவும். அறுவகைப் பெயரையும் இதிலிருந்தே எடுக்கலாம்: டிராக்டர் பொருட்பெயர், வயல் இடப்பெயர், காலை காலப்பெயர், சக்கரம் சினைப்பெயர், செம்மை பண்புப்பெயர், உழுதல் தொழிற்பெயர். 'உழவு' என்பதும் தொழிற்பெயர்தான், விகுதிதான் வேறு.

இசையில் எஞ்சினின் மெதுவான ஓட்டத்தையும் வேக ஓட்டத்தையும் கைதட்டிக் காட்டலாம். உடற்கல்வியில் ஒருவர் குட்டி அடி, ஒருவர் பெரிய அடி வைத்துச் சேர்ந்து நடக்கலாம். இவற்றுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஒதுக்க வேண்டாம்.

நேரில் பார்க்க வாய்ப்பிருந்தால் பாலிக் புலாவ் பக்கம் சுங்கை புரோங் வயல்கள் தீவிலேயே இருக்கு. பெருநிலத்தில் பெனாகா, கெப்பாலா பத்தாஸ் வட்டாரம். உழவுப் பருவம் எப்போன்னு அங்குள்ள விவசாயிகளிடம் முன்கூட்டியே கேளுங்க. அறுவடை முடிந்த காய்ந்த வயலைப் பார்க்கப் பேருந்து பிடிப்பதில் பயனில்லை. வரப்பிலோ சாலையோரத்திலோ நின்று பார்த்தால் போதும். படம் எடுக்கப் பிள்ளையை ஓடும் டிராக்டரில் ஏற்றவே கூடாது. அதன் பின்னால் சுழலும் தண்டு ஆடையைப் பிடித்து இழுத்துவிடும். உழும் கத்திகளும் அப்படித்தான். நன்னெறிக் கல்வியில் பாதுகாப்பு பற்றிப் பேச இதுவே தருணம்.

போக முடியாதவர்கள் வீட்டுப்பாடமாக ஒரே ஒரு கேள்வி கொடுங்க: "தாத்தா பாட்டி காலத்தில் டிராக்டர் எதை இழுத்தது?" பதிலை மூன்று வாக்கியத்தில் எழுதி வரட்டும். எழுத வராத பிள்ளை வரைந்து, வாயால் சொல்லட்டும். அதையும் மதிப்பீட்டில் பதிவு செய்யுங்க. தோட்டத்தில் வாழாத குடும்பம் என்றால் துறைமுகம், விமான நிலையம் என்று வேறு இழுவை வண்டிகள் வரும், அதுவும் சரியே.

ஒன்று மறந்திட வேண்டாம். அறிவியல் முடிந்ததும் களிமண் தட்டைக் கழுவிடாதீங்க. விளையாட்டு டிராக்டரின் சக்கரத்தை அதில் உருட்டினால் பதியும் தடம், அடுத்த காட்சிக் கலைப் பாடத்தின் தோரணிக்கு அச்சாக வேண்டும்.