காவுதடியில் வந்த சோறு

மலேசியாவுக்குப் போகும் நம்மூரவர்கள் பெரும்பாலும் கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தின் முன் படமெடுத்துக்கொண்டு திரும்பி விடுகின்றார்கள். பினாங்குத் தீவின் ஜோர்ஜ்டவுனுக்கும் இரண்டு நாள் ஒதுக்கச் சொல்வேன். வேடிக்கை பார்க்க அங்கு நிறைய இருக்கிறது. நம்மைப் பற்றித் தெரிந்துகொள்ளவும் இருக்கிறது.

முதலில் வேடிக்கை. ஆர்மீனியன் தெருவில் ஒரு பழஞ்சுவர். அதில் இரண்டு பிள்ளைகளை வரைந்து, அவர்கள் ஏறியிருக்க நிசமான சைக்கிளொன்றைச் சுவரோடு பொருத்தியிருக்கிறார்கள். லித்துவேனிய ஓவியர் ஏர்னஸ்ட் சகரெவிச் 2012இல் செய்தது. படமெடுக்க வரிசையில் நிற்க வேண்டும். இன்னோரிடத்தில் கட்டில், மேசை எல்லாம் கூரையில் தொங்கும் தலைகீழ் அருங்காட்சியகம். கடலோரத்தில் கால்கள் ஊன்றிய பலகை வீடுகளில் சீனக் குலத்தவர்கள் குடியிருக்கிறார்கள். இந்த நகரை 2008இல் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் இட்டது.

இனி நமது கதை. ஒரே தெருவில் கிறிஸ்தவத் தேவாலயம், சீனக் கோயில், பள்ளிவாசல் மூன்றும் உண்டு. மாரியம்மன் கோயில் பக்கத்துத் தெருவில். அந்தப் பள்ளிவாசல்தான் கப்பித்தான் கெலிங் பள்ளி. காதர் மைதீன் என்ற தமிழ் முஸ்லிம் தலைவர் 1801இல் நிறுவியது. ‘கெலிங்’ என்பது கலிங்கத்திலிருந்து வந்த பழைய சொல். இன்று அதை மலேசிய இந்தியர்கள் இழிசொல்லாகக் கருதுகிறார்கள். பள்ளியின் பெயரில் மட்டும் அது நிலைத்துவிட்டது.

பினாங்கின் பேர்போன சாப்பாடு நாசி கண்டார். ‘நாசி’ சோறு; ‘கண்டார்’ தோளில் காவும் தடி. ஒரு முனையில் சோற்றையும் மறுமுனையில் கறிகளையும் தொங்கவிட்டு, துறைமுகக் கூலிகளுக்குத் தமிழ் முஸ்லிம்கள் காவித் திரிந்து விற்றதால் வந்த பெயர். பிறகு அது கடையானது. ஹமீதிய்யா என்ற கடை 1907 முதல் நடக்கிறது. மீன், இறைச்சி, கோழி என்று பல கறிகளின் ஆணத்தைக் கலந்து சோற்றின் மேல் ஊற்றுவார்கள். சோறு மூழ்க ஊற்றச் சொல்வதற்கு அங்கே ‘பஞ்சிர்’, அதாவது வெள்ளம் என்று பெயர்.

நான் சாப்பிட்ட கடையில் பரிமாறிய முதியவர், “சிலோனா தம்பி? ஆணம் போதுமா, இன்னம் ஊத்தவா?” என்று கேட்டார். ஆணம்! நம் உம்மாமார் புளியாணம், பாலாணம் என்று சொல்லும் அதே சொல். கல்லாவில் இருந்த பேரனிடமும் தமிழில்தான் பேசினார். அவன் மலாயில் பதில் சொன்னான்.

இத்தகைய கடைகளை அங்கே ‘மாமாக்’ கடை என்பார்கள். நாம் அழைக்கும் ‘மாமா’தான் அப்படித் திரிந்தது என்பர். தேநீரை உயர்த்தி ஆற்றும் தே தாரிக், வெள்ளரிக்காய், பொரியல்கள் மீது இனிப்புக் காரக் குழம்பு ஊற்றும் பசெம்பூர், முர்தபா எல்லாம் இந்த மாமாக்களின் கைவண்ணமே.

சூலியா தெருவில் நாகூர் ஆண்டகையின் நினைவிடமும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. ஆண்டகை அடங்கியிருப்பது நாகூரில். பினாங்கில் இருப்பது நினைவு மட்டும். நம் கல்முனைக் கடற்கரைப் பள்ளியும் அப்படித்தான். ஒரே கடலின் இரு கரைகளில், கடலோடிகள் ஒரே பெயரைச் சொல்லிக் கரையேறியிருக்கிறார்கள்.

அந்தப் பேரனிடம் தமிழ் குறைந்துவிட்டது. ஆனால் அவன் கடையில் ஆணம் இருக்கிறது. நம்மிடமோ தமிழ் இருக்கிறது. கலியாணப் பந்தியிலும் கடைகளிலும் புரியாணியும் பிரைட் ரைஸும் நிறைந்த பின், நம் பிள்ளைகளுக்குப் புளியாணத்தின் பக்குவம் தெரியுமா? பள்ளிவாசல் வரலாறுகளை எழுதும் நாம், குசினி வரலாற்றையும் எழுத வேண்டும். உம்மம்மாமாரிடம் கேட்டு எழுதி வைக்க ஒரு கொப்பி போதும்.