கரும்புச் சர்க்கரையும் பழச் சர்க்கரையும்

வெட்டிய கரும்பை இரண்டு மூன்று நாள் வெயிலில் போட்டுவைத்துப் பின்னர் ஆலையிலிட்டால், வெல்லம் கட்டியாக உறையாமல் இளகிப் பிசுபிசுத்துப் போவதைக் கரும்பு பயிரிடுவோர் யாவரும் கண்டிருப்பர். எடையும் குறையும்; விலையும் குறையும். இந்த நஷ்டத்திற்குக் காரணமான மாறுதலே வெல்லத்தை உண்பவர் வயிற்றிலும் நடைபெறுகிறது. அதனை அறிந்துகொள்வது பயிர்த்தொழிலுக்கும் தேக சுகத்திற்கும் ஒருங்கே பயன் தரும்.

சர்க்கரையின் வகைகள்

கரும்பில் சேரும் சர்க்கரைக்குச் சுக்ரோஸ் என்று பெயர். நன்கு முதிர்ந்த கரும்பின் சாற்றில் இது 100க்கு 16 முதல் 20 பங்கு வரை இருக்கும். இஃது ஒற்றைச் சர்க்கரை அன்று. குளுகோஸ் ஒன்றும் பிரக்டோஸ் ஒன்றும் பிணைந்த இரட்டைச் சர்க்கரையாகும். பிரக்டோஸ் பழங்களிலும் தேனிலும் தனித்துக் காணப்படுவதால் பழச் சர்க்கரை எனப்படும். தேனில் அது 100க்கு ஏறக்குறைய 38 பங்கு உண்டு. இனிப்பில் அது சுக்ரோஸை மிஞ்சியது. ஆனால் எளிதில் உறையாது. காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும்.

வெட்டிய கரும்பில் நேர்வது

கரும்பை வெட்டியபின், அதிலேயே உள்ள இன்வர்டேஸ் என்னும் நொதியும், வெட்டுவாயின் வழியே புகும் நுண்ணுயிர்களும் சுக்ரோஸை இரண்டாகப் பிளக்கின்றன. வெயிலின் உஷ்ணம் இதனைத் துரிதப்படுத்தும். பிளவுபட்ட சர்க்கரை மீண்டும் ஒன்றுசேராது. எவ்வளவு காய்ச்சினும் பாகு நல்ல பதத்திற்கு வாராது. ஆகையால் வெட்டிய கரும்பை 24 மணி நேரத்திற்குள் ஆட்டிவிடல் வேண்டும். அது கூடாதவிடத்து, நிழலில் அடுக்கித் தோகையால் மூடி, நீர் தெளித்து வைத்தல் நலம். சாற்றின் புளிப்பும் சர்க்கரையைப் பிளக்குமாதலால், தெளிந்த சுண்ணாம்பு நீரை அளவாகச் சேர்ப்பது வழக்கம். அளவு மிஞ்சினால் வெல்லம் கறுத்துப்போகும்.

உடலில் நேர்வது

வயலில் நஷ்டமாக முடியும் இப்பிளவு, உடலில் ஜீரணத்திற்கு இன்றியமையாதது. உண்ட சுக்ரோஸ் சிறுகுடலில் சுக்ரேஸ் என்னும் நொதியால் சரிபாதியாகப் பிரிக்கப்படுகிறது. குளுகோஸ் இரத்தத்தில் கலந்து எல்லா உறுப்புகளுக்கும் செல்கிறது; அதனைத் தசைகள் ஏற்றுக்கொள்ளும்பொருட்டுக் கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. பிரக்டோஸோ பெரும்பாலும் கல்லீரலிலேயே மாற்றப்படுகிறது. ஆதலால் அது இரத்தத்தின் சர்க்கரை அளவைக் குளுகோஸைப்போல் உடனே உயர்த்துவதில்லை.

இதுகொண்டு பிரக்டோஸ் தீங்கற்றது என்று எண்ணுதல் பிழை. அது மிகுதியாகவும் நாடோறும் கல்லீரலை அடையுமாயின், ஒரு பகுதி கொழுப்பாக மாறி அங்கேயே தங்கும்; இரத்தத்தில் கொழுப்பும் யூரிக் அமிலமும் உயரும். சுக்ரோஸில் பாதி பிரக்டோஸே ஆதலின், சுக்ரோஸை மிகுதியாக உண்பவருக்கு இவ்விரண்டின் தீமையும் சேர்ந்தே வரும்.

வெல்லமும் தேனும் நீரிழிவுக்காரருக்கு ஆகும் என்று கிராமங்களில் பலர் நம்புகின்றனர். வெல்லத்தில் 100க்கு 65 முதல் 85 பங்கு வரை சுக்ரோஸே உள்ளது. இரும்பு முதலிய தாதுக்கள் சிறிதளவு இருப்பினும், அவை சர்க்கரையின் செயலை மாற்றமாட்டா. தேனிலோ இரண்டு சர்க்கரைகளும் முன்னமே பிரிந்து நிற்கின்றன. இந்நம்பிக்கையால் மருந்தையும் பத்தியத்தையும் கைவிடுவோர் கண்ணுக்கும் சிறுநீரகத்திற்கும் கேட்டைத் தேடிக்கொள்கின்றனர்.

முழுப் பழத்தின் தன்மை வேறு. அதிலுள்ள நாரும் நீரும் வயிற்றை நிறைத்து, சர்க்கரை மெல்லச் சேரும்படி செய்கின்றன. பிழிந்து வடித்த சாற்றுக்கு இக்குணம் இல்லை.

அளவு

உணவால் பெறும் சக்தியில் சேர்க்கும் சர்க்கரையின் பங்கு 100க்கு 10க்குக் குறைய வேண்டும் என்றும், 5க்குக் குறைந்தால் மேலும் நலம் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டில் அறிவித்தது. நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்பவருக்கு இவை முறையே 50 கிராமும் 25 கிராமும் ஆகும். வெல்லம், தேன், பழச்சாறு ஆகியவற்றின் சர்க்கரையும் இக்கணக்கில் அடங்கும். ஒரு குவளைக் கருப்பஞ்சாறே 25 கிராமை எட்டிவிடக் கூடும்.

ஆகவே, ஆலைக்கு அனுப்பும் கரும்பில் சுக்ரோஸ் பிளவுபடாமல் காப்பதும், உண்ணும் சர்க்கரையை அதன் பெயரால் அன்றி அளவால் மதிப்பதும் குடியானவர் கைக்கொள்ளத்தக்க இரண்டு விதிகளாம். நீரிழிவுடையோர் மருத்துவர் சொற்படி நடக்குமாறு கிராம உத்தியோகஸ்தர்கள் எடுத்துரைப்பார்களாயின், பல குடும்பங்கள் பெருந்துன்பத்தினின்றும் தப்பும்.