மேய்ச்சல் நிலத்தில் ஒரு சிக்கல்

பச்சைப் புல்வெளியில் ஆடு மாடுகள் அமைதியாக மேயும் காட்சி கண்ணுக்கு இதமளிக்கும். ஆனால், அவை விடும் ஒவ்வோர் ஏப்பமும் புவி வெப்பமடைவதற்குத் துணைபோகிறது என்றால் நம்ப முடிகிறதா?

ஆடும் மாடும் அசைபோடும் விலங்குகள். அவற்றின் வயிறு நான்கு அறைகளைக் கொண்டது. முதல் அறையில் வாழும் கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள், மனிதனால் செரிக்க இயலாத புல்லை நொதிக்கச் செய்து விலங்குக்குச் சத்தாக மாற்றித் தருகின்றன. அப்போது உண்டாகும் ஹைட்ரஜனைச் சில நுண்ணுயிரிகள் மீத்தேன் வாயுவாக மாற்றுகின்றன. இவ்வாயுவின் பெரும்பகுதி ஏப்பமாகவே வெளியேறுகிறது.

மீத்தேன் காற்றில் ஏறத்தாழ 12 ஆண்டுகளே நீடிக்கும். ஆயினும், 100 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், அதே எடையுள்ள கரியமில வாயுவைவிட 25 மடங்குக்கும் மேலாக வெப்பமூட்டும். ஆகவே, மீத்தேனைக் குறைத்தால் அதன் பயன் விரைவிலேயே தெரியும்.

இச்சிக்கலை நேரடியாக எதிர்கொள்ளும் நாடு நியூசிலாந்து. அந்நாடு வெளியிடும் பசுமை இல்ல வாயுக்களில் ஏறத்தாழப் பாதி வேளாண்மைத் துறையிலிருந்தே வருகிறது. அதே வேளையில், பாலும் இறைச்சியும் அதன் முக்கிய ஏற்றுமதிப் பொருள்கள். 2022ஆம் ஆண்டில், கால்நடைகள் வெளியிடும் வாயுவுக்குக் கட்டணம் விதிக்க அரசு முன்மொழிந்தது. தங்கள் பிழைப்புக்கே ஆபத்து என அஞ்சிய விவசாயிகள், டிராக்டர்களுடன் நகரச் சாலைகளில் திரண்டு எதிர்த்தனர். பின்னர், அத்திட்டம் கைவிடப்பட்டது.

அப்படியானால், விவசாயியின் வருமானம் குன்றாமல் மீத்தேனைக் குறைக்க வழி உண்டா? தொழுவத்தில் வளரும் மாடுகளின் தீவனத்தில் மீத்தேனைக் குறைக்கும் பொருள்களைக் கலந்து கொடுக்கலாம். ஆனால், நாள் முழுவதும் திறந்தவெளியில் மேயும் ஆட்டின் ஒவ்வொரு வாய்ப் புல்லிலும் அவற்றைக் கலக்க இயலுமா?

எனவே, நியூசிலாந்து ஆய்வாளர்கள் ஆட்டின் மரபணுவில் விடை தேடினர். ஆடுகளைக் காற்றுப் புகாத சிறு கூண்டுகளில் ஏறக்குறைய 50 நிமிடங்கள் நிறுத்தி, அவை வெளியிடும் மீத்தேனை அளந்தனர். குறைவாக வெளியிடும் ஆடுகளைத் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்தனர். சில தலைமுறைகளுக்குப் பின், அந்த மந்தைக்கும் மிகுதியாக வெளியிடும் மந்தைக்கும் இடையே 10 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட வேறுபாடு காணப்பட்டது.

இது சிறிய அளவாகத் தோன்றலாம். ஆனால், பெற்றோரிடமிருந்து குட்டிக்குச் செல்லும் இப்பண்பு, தலைமுறைதோறும் தொடரும். நாள்தோறும் மருந்தோ தனித் தீவனமோ தேவையில்லை. சிறு துளி பெரு வெள்ளம் என்பது மேய்ச்சல் நிலத்திற்கும் பொருந்தும்.